சிரித்தால் போயிற்று

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் கடையநல்லூரில் உள்ள எங்கள் இல்லம் ஏறக்குறைய ஒரு சத்திரமாகிவிடும். ஆண்டு முழுவதும் நலம் விசாரிக்க நேரமில்லாத உறவினர்கூட ஆனி பிறந்ததும் அழைத்து, அருவியில் தண்ணீர் எப்படி என்று வெகு அக்கறையோடு கேட்பார்கள். அவர்கள் கேட்பது அருவியைப் பற்றியன்று, எங்கள் வீட்டு மாடியறையைப் பற்றி என்பது எங்களுக்குத் தெரியும். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியுமாகிய எங்களுக்கு, அந்த இரண்டு மாதக் கூட்டமே ஆண்டின் மீதிப் பத்து மாதங்களைக் கடத்த உதவுகிறது. ஆகவே குறை சொல்வதற்கில்லை.

சென்ற சாரல் பருவத்தில் ஒருநாள், சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்திருந்தவர்கள் பகலெல்லாம் ஐந்தருவியில் நனைந்துவிட்டு, இரவு உணவு முடித்துக் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்திருந்தார்கள். மேற்கே மலையிலிருந்து வந்த காற்று சன்னலை அடித்துக்கொண்டிருந்தது. மின்சாரம் இருமுறை போய் வந்தது. பிள்ளைகளில் ஒருவன் தன் கைபேசியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, “தாத்தா, பழைய காமெடி ஒண்ணு போடுதேன், பாருங்க” என்றான். நாங்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டோம்.

அவன் போட்டது விஜய் தொலைக்காட்சியில் 2009-ஆம் ஆண்டு தொடங்கி நெடுங்காலம் ஓடிய ‘அது இது எது’ என்னும் நிகழ்ச்சியின் ஒரு துண்டு. அந்நிகழ்ச்சியில் ‘சிரிச்சா போச்சு’ என்றொரு சுற்று உண்டு. விருந்தினராக வந்த ஒருவரை அமர வைத்து, அவர் முன்னே நகைச்சுவைக் கலைஞர் சிலர் வேடமிட்டு ஒரு சிறு நாடகம் நடத்துவார்கள். அவர் சிரிக்காமல் இருக்க வேண்டும். சிரித்தால் தோற்றார். இவ்வளவுதான் விதி. எளிமையான விதி என்பதால்தானோ என்னவோ, வீட்டில் பார்ப்பவர்களும் தாமாகவே அந்தப் போட்டியில் சேர்ந்துவிடுவார்கள். வாயை இறுக மூடிக்கொண்டு, கன்னத்தைக் கடித்துக்கொண்டு, கடைசியில் பக்கத்தில் இருப்பவர்மேல் சரிந்து விழுந்து சிரிப்பார்கள்.

அன்று நாங்கள் கண்ட நாடகம் ஒரு குடும்பப் பஞ்சாயத்து. ஜீ தமிழ் தொலைக்காட்சியில் 2011-இல் தொடங்கிய ‘சொல்வதெல்லாம் உண்மை’ என்ற நிகழ்ச்சியைக் கேலி செய்யும் சித்திரம் அது. மூல நிகழ்ச்சியில் நடுவராக அமர்ந்து பெரும் புகழ் பெற்ற நடிகையும் இயக்குநருமான லட்சுமி ராமகிருஷ்ணனைப் போல, ராமர் என்னும் கலைஞர் பெண் வேடத்தில் அமர்ந்திருந்தார். சண்டையிட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து, தலையைச் சற்றே சாய்த்து, வேதனையும் அலுப்பும் கலந்த குரலில் அவர் சொன்ன சொற்றொடரை 2015 வாக்கில் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. “என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா.” கூடமே குலுங்கியது. நாங்களும் சிரித்தோம். பொய் சொல்வானேன், கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பின் நடுவில் வாசல் பக்கம் பார்வை போயிற்று. எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா கையில் சுளகோடு நின்றுகொண்டிருந்தார். வீட்டில் ஆள் மிகுதி என்று அறிந்து, மறுநாள் சமையலுக்காக முருங்கைக்கீரையை உருவி எடுத்து வந்திருந்தார். எங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. வழக்கமாக “டீச்சர்” என்று குரல் கொடுத்துக்கொண்டு அடுப்படி வரை வருபவர், அன்று சுளகைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். எழுந்து வாசலுக்குப் போவதற்குள் தெருவில் இல்லை. எங்கள் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் வீட்டு வரலாற்றைச் சொல்லாமல் இதற்கு மேல் எழுத முடியாது. பெயரைச் சொல்லப் போவதில்லை. தெருவையும் சொல்லப் போவதில்லை. கடையநல்லூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் எத்தனையோ குடும்பங்களைப் பீடியாலும் தறியாலும் காப்பாற்றி வந்தவை. அக்காவும் இளமையிலேயே கைம்பெண்ணாகி, மடியில் சுளகை வைத்து இலை வெட்டியும் தூள் வைத்துச் சுருட்டியும் ஒரே மகளை வளர்த்தவர். மகளுக்குத் திருமணம் ஆயிற்று. ஒரு ஆண் குழந்தையும் பிறந்தது. சில ஆண்டுகளில் கணவன் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். காவல் நிலையத்துக்கு இருமுறை போய் வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது யாரோ ஒருவர் வழியாக, குடும்பச் சண்டைகளைத் தீர்த்து வைக்கும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஆள் வந்தது. அத்தகைய நிகழ்ச்சிகள் பல இருந்தன. எதுவென்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. “அங்க வந்து உக்காந்தா போதும், மாப்பிள்ளைய நாங்க கூட்டிட்டு வாரோம்” என்றார்களாம்.

தாயும் மகளும் பொதிகை விரைவு வண்டியில் சென்னை போனார்கள். தங்க இடம் கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக யாரோ தம் குறையை உட்கார்ந்து கேட்கிறார்கள் என்ற ஆறுதலில் அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். படுக்கையறைச் செய்திகளையும் சொன்னாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவனையும் எப்படியோ அழைத்து வந்திருந்தார்கள். அவன் ஏசு வாங்கினான், தலை குனிந்தான், இனிச் சேர்ந்து வாழ்வதாகச் சொன்னான். கைதட்டல் எழுந்தது. ஊருக்கு வந்து சரியாகப் பதினாறு நாள் இருந்தான். பதினாறாம் நாள் இரவு நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. மறுநாள் டீக்கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் செய்தது முழுப் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அவனைக் கொண்டுவந்து சேர்த்தது அவர்கள்தாம். விரட்டியதும் அவர்கள்தாம் என்பதை மட்டும் அக்கா இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

தமிழ்த் தொலைக்காட்சியில் இவ்வகைக்கு ஒரு வரிசையே உண்டு. நடிகை லட்சுமி நடத்திய ‘கதையல்ல நிஜம்’ முன்னோடி. ‘சொல்வதெல்லாம் உண்மை’யை முதலில் செய்தி வாசிப்பாளராகப் புகழ்பெற்ற நிர்மலா பெரியசாமி நடத்தினார், பின்னர் லட்சுமி ராமகிருஷ்ணன் நடத்தினார். சன் தொலைக்காட்சியில் குஷ்பு ‘நிஜங்கள்’ நடத்தினார். இவற்றில் வந்து அமர்ந்தவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். வழக்கறிஞருக்குக் கட்டணம் தர முடியாதவர்கள். குடும்ப நல நீதிமன்றத்தின் வாய்தாக்களுக்குக் கூலியை விட்டுவிட்டு அலைய முடியாதவர்கள். மாளிகை வீட்டுக் கணவன் மனைவியர் அந்த நாற்காலியில் அமர்ந்து நாங்கள் பார்த்ததில்லை. சண்டை அவர்களிடமும் இல்லாமலா இருக்கிறது? அவர்களுக்குக் கதவும் உண்டு, தாழ்ப்பாளும் உண்டு.

ஆகவே அப்படியொரு நிகழ்ச்சியை ஒரு நகைச்சுவைக் குழு கேலி செய்ததை முதற்பார்வையில் நாங்கள் வரவேற்றோம் என்பதே உண்மை. அந்தச் சொற்றொடரையே எடுத்துக்கொள்வோம். மொழி கற்பித்தவர்கள் என்ற உரிமையில் சொல்கிறோம், அது வெகு நுட்பமான சொற்றொடர். ஒரே வாக்கியத்தில் இருமுறை ‘அம்மா’ வருகிறது. ‘பண்ணுகிறாயே’ என்றில்லை, ‘பண்றீங்களே’ என்று மரியாதைப் பன்மை. அதன் இறுதியில் உள்ள ஏகாரம்தான் குற்றப் பத்திரிகை. படித்த, வசதியுள்ள ஒருவர், படிக்காத ஏழை ஒருவரை ‘ங்க’ போட்டு அழைத்துக்கொண்டே தலையில் குட்டும் முறை அது. பரிவும் இருக்கிறது, உயரத்தில் அமர்ந்திருக்கும் நினைப்பும் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்திலும், மருத்துவமனை வரிசையிலும், ஏன், எங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலும் நாங்கள் கேட்ட குரல், சில வேளை எங்கள் வாயிலிருந்தே வந்த குரல். ராமர் செய்ததெல்லாம் அந்தக் குரலைத் தனியே பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியதுதான். நல்ல நையாண்டி என்பது இதைத்தான் செய்யும். ‘நீ நீதிபதியா?’ என்று கேட்காமலே கேட்டுவிட்டது அந்தச் சித்திரம்.

கேலிக்கு உள்ளான லட்சுமி ராமகிருஷ்ணன் தம் வருத்தத்தை வெளிப்படையாகத் தெரிவித்தார். அப்போது நாங்கள் அவருக்காக இரக்கப்படவில்லை. ஊரார் வீட்டுக் கண்ணீரை ஒளிபரப்புபவர் தம்மைப் பற்றிய கேலியைப் பொறுக்க வேண்டாமா என்று பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சில் நியாயம் இருந்ததாகவே இன்றும் நினைக்கிறோம். ஆனால் நாங்கள் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு.

அந்தச் சொற்றொடர் மேடையில் இருந்தவரை அது நடுவரைக் கேலி செய்தது. மேடையை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்ததும் அதன் வேலை மாறிவிட்டது. தெருவில் அதைச் சொல்பவர் தாமே நடுவராகிவிடுகிறார், கேட்பவர் குற்றவாளியாகிவிடுகிறார். பேருந்தில் சில்லறை இல்லாத கிழவியிடம் நடத்துநர் அதைச் சொன்னார். நியாயவிலைக் கடையில் அட்டையை மறந்து வந்தவரிடம் வரிசையில் நின்றவர் சொன்னார். 2016 பொங்கலுக்கு வெளிவந்த ‘ரஜினிமுருகன்’ திரைப்படத்தில் அச்சொற்றொடரையே முதலடியாகக் கொண்டு ஒரு பாடலும் வந்துவிட்டது. படத்தின் நாயகன் சிவகார்த்திகேயன், முன்பு அதே ‘அது இது எது’ நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர். பாடலுக்கு இமான் நல்ல மெட்டு அமைத்திருந்தார். எல்லாக் கல்யாண வீட்டிலும் ஒலித்தது. இந்தப் பயணத்தில் நடுவர் யார், அவர் ஏன் கேலிக்கு உரியவர் என்ற முதற்பொருள் எங்கோ உதிர்ந்துவிட்டது. எஞ்சியது, ஏழையைப் பார்த்துச் சொல்லத்தக்க ஒரு நக்கல்.

அக்காவின் மகள் பீடிக் கடைக்குக் கட்டு கொடுக்கப் போகும்போது, தெருமுனையில் நிற்கும் இளைஞர்கள் அதைத்தான் சொன்னார்கள். அவள் வந்த நிகழ்ச்சியும் அந்தக் கேலிச் சித்திரத்துக்கு உரிய நிகழ்ச்சியும் ஒன்றா வேறா என்பதெல்லாம் அவர்களுக்குக் கவலையில்லை. தொலைக்காட்சியில் அழுதவள் என்பது போதும். அதுவரை அவளைப் பார்த்து என்ன சொல்வதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது சொல் கிடைத்துவிட்டது. சில மாதங்களில் அவள் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். இன்றும் அங்குதான் இருக்கிறாள்.

தெருமுனை இளைஞர்களைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். அந்தக் காலத்தில் மாலை வேளைகளில் எங்கள் திண்ணையில் தெருப்பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பாடம் சொல்லிக் கொடுத்துவந்தோம். அக்காவின் பேரனும் வருவான். மூன்றாம் வகுப்பு. ஒருநாள் கழித்தல் கணக்குப் போடச் சொன்னோம். 52-இலிருந்து 27 போக மீதி 35 என்று எழுதி நீட்டினான். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளைகள் எல்லாரும் செய்யும் தவறுதான், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவார்கள். ஆயிரம் முறை பார்த்த தவறு. அன்று என்னவோ எங்களுக்கும் வேடிக்கையாகப் பேசத் தோன்றியது. ‘அம்மா’ என்பதை ‘அப்பா’ என்று மாற்றி, தலையைச் சாய்த்து, அதே இழுவையில் அவனிடம் சொன்னோம். திண்ணை முழுதும் வெடித்துச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பலகையையும் நோட்டையும் பைக்குள் வைத்தான். அழவுமில்லை. எழுந்து போனான். மறுநாள் வரவில்லை, அதன்பின் வரவேயில்லை.

அவன் தாயின் கதை எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெருமுனையில் நடப்பது தெரியாதா? அதுவும் தெரியும், வருந்தியும் பேசியிருக்கிறோம். அந்த நொடியில் அது நினைவில் இல்லை, அவ்வளவே. நகைச்சுவை என்று ஒன்று வாயில் ஏறிக்கொண்டால், அது யார் காதில் போய் விழும் என்று பார்க்க நமக்கு நேரம் இருப்பதில்லை.

கேலியே கூடாது என்ற கட்சி எங்களுடையதன்று. நெல்லைச் சீமையில் பிறந்தவர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. சுடலைமாடன் கோயில் கொடையில் மகுடம் ஒலிக்க நடக்கும் கணியான் கூத்தில் ஆண்கள்தாம் பெண் வேடமிட்டு ஆடுகிறார்கள், கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார்கள். சிறு பிராயத்தில் எங்கள் கோயில் திருவிழாவில் ‘ஞானசௌந்தரி’ நாடகம் போடுவார்கள். பாட்டும் அழுகையுமாக நீளும் இரவில் பபூன் வந்தால்தான் பிள்ளைகள் கண் விழிப்போம். அவன் அரசனையே கேலி செய்வான். முன்வரிசையில் துண்டு போட்டு அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியதனக்காரரையும் பெயர் சொல்லாமல் இழுப்பான். அவர் சிரித்தாக வேண்டும், சிரிக்காவிட்டால் அதற்கும் சேர்த்து ஊர் சிரிக்கும். அதே பபூன் ஊரில் நொண்டி நடப்பவரைப் போலவும் நடந்து காட்டியதுண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழையதெல்லாம் புனிதம் என்று பேசுவது எங்களுக்குப் பழக்கமில்லை.

பின்னாளில் இதே விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கத்தில் ‘லொள்ளு சபா’ வந்தது. சந்தானம், சுவாமிநாதன், மனோகர், சேஷு ஆகியோர் நடித்த அந்நிகழ்ச்சி திரைப்படங்களையே எடுத்துக்கொண்டு, நாயகர்களின் நடையையும் முழக்கத்தையும் நையப் புடைத்தது. ஒருவர் நூறு பேரை அடிப்பதைக் கேலி செய்வதால் எங்கள் தெருவில் யாருக்கும் காயமில்லை. கேலிக்கு உள்ளானவருக்குக் கோட்டை உண்டு, கொடி பிடிக்க ஆள் உண்டு. பஞ்சாயத்துச் சித்திரத்தின் நிலை வேறு. அதில் கேலிக்குரிய பெரியவர் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரைக் கேலி செய்ய வேண்டுமானால் அவர் முன்னால் அழுதுகொண்டு நிற்கும் சிறியவர்களையும் மேடையில் ஏற்றியாக வேண்டும். அம்பு பெரியவரை நோக்கித்தான் விடப்படுகிறது. இடையில் நிற்பவர் மேல் படாமல் போகுமா?

நடித்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எங்களுக்கு மனமில்லை. அந்த மேடையில் புகழ் பெற்றவர்களில் பலர் எளிய குடும்பத்தவர்கள், ஊர் ஊராகத் திருவிழா மேடையில் நின்று வந்தவர்கள். ரோபோ சங்கர் உடலெங்கும் வெள்ளி நிறச் சாயம் பூசிக்கொண்டு எந்திர மனிதனைப் போல ஆடித்தான் அந்தப் பெயரைப் பெற்றார். 2025 செப்டம்பரில் மறைந்தார். வடிவேலுவைப் போலவே தோன்றிப் பேசிச் சிரிக்க வைத்த வடிவேல் பாலாஜி 2020 செப்டம்பரில் மறைந்தார். நம்மைச் சிரிக்க வைப்பது அவர்களுக்குச் சோறு. பீடி சுற்றுவதும் அவ்வாறே. இரண்டு ஏழைகளில் ஒருவர் மேடையிலும் மற்றவர் தெருவிலும் நின்றார்கள். கூலி கொடுத்தவர்கள் இரண்டிலும் திரைக்குப் பின்னால் இருந்தார்கள்.

அன்று இரவு உறவினர் எல்லாரும் உறங்கியபின், ஒலியைக் குறைத்து அதே துண்டை நாங்கள் இருவரும் மறுபடி பார்த்தோம். சிரிப்பு வராதபோதுதான் ஒரு நகைச்சுவை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது. ராமர் வரும் இடங்களெல்லாம் கூர்மை. அந்தத் தலைச்சாய்வு, பேசுமுன் விடும் சிறு இடைவெளி, எதிராளி எதைச் சொன்னாலும் அதே தீர்ப்பு. அவ்விடங்களை இப்போதும் பாராட்டுகிறோம். ஆனால் நாங்கள் முதன்முறை சிரித்த இடங்களை எண்ணிப் பார்த்தபோது, நடுவருக்காகச் சிரித்ததைவிட, குறை சொல்ல வந்தவர்களின் கூச்சலுக்கும் கோலத்துக்கும் சிரித்ததே மிகுதியாக இருந்தது. இன்னொன்றும் தோன்றியது. நாங்கள் கண்ட அளவில், அந்த மேடையில் ஒரு முக்கியப் பாத்திரம் வரவேயில்லை. ஊர் ஊராக ஆள் அனுப்பி, பயணச் சீட்டு எடுத்துக் கொடுத்து, எந்த அழுகையை விளம்பரத் துண்டில் போடலாம் என்று வெட்டி ஒட்டும் அந்த ஆள். அவனை மேடையேற்றி இரண்டு நிமிடம் கேலி செய்திருந்தால் அந்தச் சித்திரம் வேறொன்றாகியிருக்கும். தொலைக்காட்சி மேடையில் தொலைக்காட்சித் தயாரிப்பாளரைக் கேலி செய்ய யார் இடம் கொடுப்பார்கள் என்பது வேறு கேள்வி.

மனிதன் தன் இழிவைப் பிறரிடம் சொல்லி ஆற வேண்டிய தேவை உள்ளவன் என்பதை நம் திருச்சபை அறியும். அதனால்தான் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு ஒரு திரையையும், கேட்ட குருவின் வாய்க்கு ஒரு முத்திரையையும் வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அதுதான் தேவைப்பட்டது, கேட்க ஒரு காது. கிடைத்த காதோ கோடிக் கண்களோடு வந்தது. நாட்டின் சட்டமும் இதைப் பிந்தித்தான் எண்ணத் தொடங்கியது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, 2018-இல், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்குள் அக்காவின் மகள் திருப்பூரில் மூன்றாம் ஆண்டு வேலையில் இருந்தாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே அக்கா வந்தார். வராமல் இருக்க முடியாது, கீரை வைத்துவிட்டுப் போனது அவர் வேலை செய்யும் சுளகு. அது இல்லாமல் அன்றைய பீடி இல்லை. கீரையை மாற்றிவிட்டு, துடைத்துத் தயாராக வைத்திருந்தோம்.

“நேத்து ராத்திரி உள்ள வராமப் போயிட்டீங்களே அக்கா” என்றோம்.

“பாத்துக்கிட்டுதான் நின்னேன் டீச்சர். அந்த ஆளு நல்லாத்தான் செய்தாரு. மொதமொத டிவில வந்தப்ப நானும் சிரிச்சேன். எம் மவளும் சிரிச்சா. பொம்பள வேசத்துல அந்த மூஞ்சியப் பாத்தா சிரிப்பு வராம இருக்குமா?”

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இரவெல்லாம் மனத்தில் எழுதி வைத்திருந்த மன்னிப்புச் சொற்கள் எங்கே போய் ஒளிந்தன என்று தெரியவில்லை.

“அப்ப ஏன் போனீங்க?”

“பேரன் தெருவுல சைக்கிளப் புடிச்சிக்கிட்டு நின்னாம்லா. அவனுக்கு அது ஆவாது டீச்சர். சின்னப் புள்ளையா இருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டா டிவிய அமத்திட்டு வெளிய போயிருவான். ஏன்னு கேட்டாச் சொல்ல மாட்டான். அவங்கம்மாவத் தெருவுல சொன்னாவள்லா, அதுனாலதான் இருக்கும்.”

அதனால் மட்டுமில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொன்னோம். திண்ணையையும், 52-ஐயும், 27-ஐயும் சொன்னோம். அக்கா சுளகைக் கவிழ்த்து, விளிம்பில் ஒட்டியிருந்த கீரைத் தண்டுகளை விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“அவன் சொல்லவே இல்லையே டீச்சர்” என்றார். பிறகு, “அதாம் டியூசனுக்குப் போமாட்டேன்னு நின்னானா? நான் வேற அடிச்சேன் அவன” என்றார்.

சுளகை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

மாலையில் அவன் வந்தான். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு மின்னியல் படிக்கிறான். மாடியறையில் விளக்கு எரியவில்லை என்று வேறு யார் மூலமோ சொல்லியனுப்பியிருந்தோம். நாற்காலி மேல் ஏறி, கம்பியைப் பிரித்து, சரியாக மாட்டிவிட்டு இறங்கினான். கை கழுவத் தண்ணீர் ஊற்றினோம். பாட்டி ஏதும் சொன்னாளா என்று அவன் முகத்தைப் பார்த்தோம், தெரியவில்லை. கூடத்தில் உறவினர் கூட்டம். ஐந்தருவிக்குப் போனவர்கள் ஈரத் துணியோடு அப்போதுதான் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வந்துட்டுப் போப்பா, ஒரு விசயம் பேசணும்” என்றோம்.

“வயரிங் வேலையா டீச்சர்?”

“இல்ல.”

அவன் ஒரு கணம் நின்று பார்த்தான். “சரி டீச்சர்” என்று சொல்லிவிட்டு, சாரலில் நனைந்திருந்த சைக்கிள் இருக்கையைக் கையால் வழித்துவிட்டு ஏறிப் போனான்.